வளைந்த சாலையில் ஐந்து நாள்

நாள் 1, வெள்ளி: ஃபிளாய்ட்

அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் இருந்து மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். நானும் பதினொரு வயது மகளும் மட்டும். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பின் சீட்டில் இரண்டு பை, ஒரு டப்பா புளியோதரை, பெல்ட் மாட்டிப் படுக்க வைத்த அவளுடைய வயலின்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஷெல்பி. எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர். அங்கே பழைய நீதிமன்றக் கட்டடத்தில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1924இல் பிறந்தவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உறை மாட்டிக்கொண்டு, பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் ஓட்டுக்கூரையில் மழை இறங்குவதைப் போல வாசித்தவர். 1945 கடைசியில் அவர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகு எழுந்த ஓசையைத்தான் இன்று புளூகிராஸ் என்கிறோம். மன்றோ கென்டக்கிக்காரர். அந்த மாநிலத்தின் செல்லப்பெயரைக் குழுவுக்கு வைத்தார், அப்புறம் அது இசைக்கே பெயராகிவிட்டது. போன வருஷம் அங்கே போய் வந்ததில் இருந்து மகளுக்கு ஒரே கேள்வி: "அம்மா, இதை இப்பவும் வாசிக்கிறாங்களா? எங்கே?"

வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் மலைச் சாலைகளை இணைத்து 'குரூக்கட் ரோடு' என்று ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். வளைந்த சாலை. முந்நூறு மைலுக்கு மேல் போகிறது. வழியெங்கும் பாஞ்சோ படம் போட்ட பலகை. புளூகிராஸுக்கும் அதற்கு முந்தைய மலை இசைக்கும் பேர்போன ஊர்களை அது ஒரே நூலில் கோக்கிறது. முழுதும் போக எங்களுக்கு நாள் போதாது, அதனால் நாலு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் இடம் ஃபிளாய்ட். மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல், அதுவும் இந்த ஊர் நடுவில். அதன் பக்கத்திலேயே 'ஃபிளாய்ட் கண்ட்ரி ஸ்டோர்' என்ற பழைய பலசரக்குக் கடை. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு முதலில் ஒரு மணி நேரம் பக்திப் பாட்டு. அது முடிந்ததும் ஃபிடில் எடுத்தார்கள், நம் வயலின்தான், இங்கே அப்படிச் சொல்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் 'ஃபிளாட்ஃபுட்'. எனக்கு நேர் முன்னால் எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர் ஆடினார். இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் பட்டை பெல்ட். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. கை இரண்டும் உடம்போடு ஒட்டித் தொங்கின. முகத்தைப் பார்த்தால் பேருந்துக்கு நிற்பவர் போல இருந்தது. ஆனால் கால்! குதியும் முன்பாதமும் மாறி மாறித் தரையில் தட்ட, பூட்ஸின் அடியில் அடித்திருந்த உலோகத் தகடு பலகைத் தரையில் தாளம் போட்டது. பாதம் தரையை விட்டு இரண்டு அங்குலம்கூட எழவில்லை. கண்ணை மூடிக் கேட்டால் வாத்தியங்களோடு இன்னொரு வாத்தியம் சேர்ந்த மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் சலங்கை கட்டி ஆடியவள் நான். தாளம் சொல்லுகிற பாதத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பது மணிக்கு வெளியே வந்தால், தெருவில் இன்னும் நாலு வட்டம். கடை வாசலில் ஒன்று, முடிதிருத்தகத்தின் முன்னால் ஒன்று. காசு வாங்க யாரும் தொப்பி வைக்கவில்லை. வந்தார்கள், நாற்காலி போட்டார்கள், வாசித்தார்கள். மகள் வயலினைக் காரில் இருந்து எடுக்கவில்லை. கேட்டதற்கு, "நாளைக்கு" என்றாள்.

நாள் 2, சனி: ஹில்டன்ஸ்

காலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அதில் எழுத ஒன்றும் இல்லை. லாரிகள்தான்.

பிரிஸ்டலில் பையை வைத்துவிட்டு மாலையில் கிளின்ச் மலை அடிவாரத்தில் இருக்கும் ஹில்டன்ஸுக்குப் போனோம். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே 'புவர் வேலி', ஏழைப் பள்ளத்தாக்கு. இங்கே பிறந்தவர் ஏ. பி. கார்ட்டர். அவர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல், மூவரும் சேர்ந்ததுதான் கார்ட்டர் குடும்பம். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை எடுத்தால் ஏதோ ஒரு மூலையில் இவர்கள் இருப்பார்கள்.

முதலில் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஏ. பி.யும் சாராவும் அங்கேதான். இரண்டு கல்லிலும் இசைத்தட்டு பதித்திருக்கிறது. இவர்கள் 1930களில் மணமுறிவு செய்துகொண்டவர்கள். சாரா மறுமணம் செய்துகொண்டு கலிஃபோர்னியா போனார். இருந்தும் கடைசியில் இந்த மலையடிக்கே வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் நின்றோம். வெட்டுக்கிளிச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை.

ஏ. பி. தன் கடைசிக் காலத்தில், இந்தப் பாட்டுகளை விட்டுவிடாதே என்று மகள் ஜேனெட்டிடம் கேட்டுக்கொண்டார். ஏ. பி. 1960இல் இறந்தார். ஜேனெட் 1974இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையிலேயே சனிக்கிழமைக் கச்சேரியைத் தொடங்கினார். கூட்டம் கொள்ளாமல் பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகை எழுந்தது. 'ஃபோல்ட்' என்று பெயர். பட்டி என்று பொருள், ஆட்டுப்பட்டி. ஜேனெட் 2006இல் காலமான பின்னும் குடும்பம் அதை நடத்தி வருகிறது.

கொட்டகை மலைச்சரிவில் இறங்கி இருக்கிறது. உட்காருவதற்குப் பழைய பேருந்து சீட்டுகள்கூட உண்டு. மேடைக்கு முன்னால் ஆடுவதற்குப் பலகைத் தரை. மது கிடையாது. மின்சார வாத்தியமும் கிடையாது. அந்த விதியைப் பிரபல பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் தளர்த்தினார்களாம், வீட்டு மாப்பிள்ளை அல்லவா. மேபெலின் மகள் ஜூன் அவருடைய மனைவி. 2003 மே மாதம் ஜூன் இறந்தார். ஜூலை 5ஆம் தேதி கேஷ் இந்த மேடைக்கு வந்து பாடினார். அவருடைய கடைசிப் பொதுக் கச்சேரி அது. செப்டம்பரில் அவரும் போய்விட்டார். அந்த மேடையை இன்று கைநீட்டித் தொடும் தூரத்தில் பார்த்தேன். ஆளுயர பேஸ் வாசித்த பெண் தரையில் ஊன்றிய முனை மேடைப் பலகையில் சின்னக் குழி பறித்திருந்தது. அவ்வளவு சாதாரண மேடை.

இன்னொரு பெயரை இங்கே எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை. லெஸ்லி ரிடில். கறுப்பினத்தவர், ஒரு காலை விபத்தில் இழந்தவர், அருமையான கிட்டார் கலைஞர். ஏ. பி. ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது கூடவே போனவர். ஏ. பி. சொற்களை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் பதித்துக்கொண்டு வருவார். நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து அலைந்தார்கள். இசைத்தட்டுகளில் அவர் பெயர் வரவில்லை. இந்தப் பாட்டுகளைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் குறிப்பு ஒன்று: இந்தப் பக்கம் பீன்ஸும் சோள ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சைவம் என்றால் பன்றிக்கறி போட்டு வேகவைத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்களுக்குப் புளியோதரை இருந்தது.

நாள் 3, ஞாயிறு: பிரிஸ்டல்

ஊரின் பெரிய கடைத்தெருவான ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. வடக்குப் பக்கம் வர்ஜீனியா, தெற்குப் பக்கம் டென்னஸி. மகள் இந்தக் காலை அங்கே வைத்தாள், அந்தக் காலை இங்கே வைத்தாள், நான் போட்டோ எடுத்தேன். சரி, அந்தக் கடமை முடிந்தது.

அப்புறம் அருங்காட்சியகம். 2014இல் திறந்தார்கள். இது சொல்லும் கதை 1927இல் நடந்தது. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த ஊருக்கு வந்தார். தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் காலி மாடி கிடைத்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் போர்வை தொங்கவிட்டார். ஜூலை 25 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள், 76 பாட்டுகள். அந்தக் கட்டடம் இன்று இல்லை.

ஆரம்பத்தில் ஆள் குறைவாகத்தான் வந்தார்களாம். கேலக்ஸ் வட்டாரத்துக்காரரான எர்னஸ்ட் ஸ்டோன்மேன் என்ற தச்சர், இசைத்தட்டில் பாடி முந்தைய வருஷம் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான், மலைக்குள் இருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கார்ட்டர் குடும்பமும் இறங்கி வந்தது. நேற்று நாங்கள் முக்கால் மணிக்குள் கடந்த தூரம் அவர்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கொளுத்தும் வெயில், சாலை இல்லாத சாலை, டயர் வேறு பஞ்சர். சாராவிடம் கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகளைக் கூட்டி வந்திருந்தார்கள். மேபெலுக்குப் பதினெட்டு வயது, நிறைமாதத்தை நெருங்கும் வயிறு. அந்த வயிற்றின் மேல் கிட்டாரைச் சாய்த்து வைத்துக்கொண்டு எப்படி வாசித்திருப்பார்? கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டால் ஒரு இடத்திலும் தடுமாற்றம் இல்லை. கட்டைவிரலால் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை எடுக்கிறார், ஆள்காட்டி விரலால் மேல் தந்திகளை வருடித் தாளம் தருகிறார். ஒரே கிட்டாரில் இரண்டு ஆள். கிட்டார் பக்கவாத்தியமாக மட்டும் இருந்த காலத்தில் அதை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தவர் மேபெல். இந்த மலை இசைக்காகக் கிட்டார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் பலர் இன்றும் அந்த முறையைத் தடவிப் பார்க்கிறார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பி 81ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கிழக்கே வந்தோம். டமாஸ்கஸ் வழியாக மலைமேல் போகத்தான் ஆசை. ஆனால் 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் கொட்டிய மழையில் அந்தப் பக்கம் ஆறு பெருகிச் சாலையையே தின்றுவிட்டது. டமாஸ்கஸில் இருந்து வைட்டாப் போகும் பழைய ரயில் தடம், இப்போது நடைபாதை, சைக்கிள் பாதை. அதில் இருந்த மரப்பாலங்கள் போய்விட்டன. நாங்கள் போனபோது அந்தப் பகுதி திறந்திருக்கவில்லை. இந்தச் சாலையில் வாசிப்பவர்களில் பலருக்கு அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் வீடு.

எங்கள் அடுத்த இடமான கேலக்ஸில் விடுதி எதிலும் இடமில்லை. ஹில்ஸ்வில்லில் தங்கியிருக்கிறோம்.

நாள் 4, திங்கள்: மலைமேலும் கேலக்ஸும்

புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் 213ஆவது மைல்கல்லில் 'புளூ ரிட்ஜ் மியூசிக் சென்டர்' இருக்கிறது. மதியம் பன்னிரண்டில் இருந்து நாலு வரை திறந்த தாழ்வாரத்தில் உள்ளூர்க்காரர்கள் வாசிக்கிறார்கள், இலவசம். இன்று இரண்டே பேர், ஒரு ஃபிடில், ஒரு பாஞ்சோ. இந்த மலை இசைக்கு அடிப்படையே இந்த ஜோடிதான். ஃபிடில் ஐரோப்பாவில் இருந்து குடியேறியவர்களோடு வந்தது. பாஞ்சோவின் மூதாதையை அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் நினைவில் சுமந்து வந்து, சுரைக்குடுக்கையில் தோல் கட்டி இங்கே மறுபடி செய்தார்கள். உள்ளே இருக்கும் கண்காட்சி இதை ஒளிக்காமல் சொல்கிறது. வெள்ளைக்காரர்களின் மலைப்பாட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டு யாராவது வந்தால், இந்த ஒரு கூடத்தைச் சுற்றினால் போதும்.

பாஞ்சோ வாசித்தவர் மகளைப் பக்கத்தில் அழைத்துக் காட்டினார். இது ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் முறை அல்ல, அதற்கு முந்தையது. 'கிளாஹாமர்' என்பார்கள். விரல்களை நண்டுக்கொடுக்கு மாதிரி மடக்கி, நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே தட்ட வேண்டும். கை இறங்கும்போதே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் போய் அமரும், எழும்போது அதை மீட்டிவிட்டு வரும். அந்த ஐந்தாவது தந்தி குட்டையானது. அதன் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகாணி, கழுத்தின் பாதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்டு எங்கே போனாலும் அது மட்டும் தன் ஒரே ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "தம்புரா மாதிரி" என்றாள் மகள் என்னிடம் தமிழில். அவர் என்ன சொன்னாள் என்று கேட்டார். தம்புரா என்றால் என்ன என்று பத்து நிமிஷம் விளக்கினேன்.

சாயங்காலம் கேலக்ஸ். 1935இல் உள்ளூர் மூஸ் லாட்ஜ் சங்கம் நிதி திரட்டத் தொடங்கிய ஃபிடில் போட்டி, இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஃபெல்ட்ஸ் பார்க் மைதானத்தில் நடக்கிறது. 2020இல் கொரோனாவால் நடக்கவில்லை. திங்கள் தொடங்கிச் சனி நள்ளிரவு தாண்டும் வரை. ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், டோப்ரோ, ஆட்டோஹார்ப் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் போட்டி. ஃபிடிலிலும் பாஞ்சோவிலும் பழைய பாணிக்கு ஒன்று, புளூகிராஸுக்கு ஒன்று.

திங்கட்கிழமை சிறுவர்களுக்கு. எட்டு வயது இருக்கும் ஒரு பையன் மேடை ஏறினான். பின்னால் கிட்டாரோடு அவன் தாத்தா. பையன் ஃபிடிலைத் தாடையில் வைத்தான், தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். தாத்தா தலையசைக்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது சுற்றில் வில் தந்தியில் இருந்து வழுக்கியது. தாத்தாவின் கிட்டார் நிற்கவில்லை, வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை. பையன் அதே இடத்தில் மறுபடி ஏறிக்கொண்டான். இறங்கி வந்தபோது தாத்தா அவன் கையில் இருந்து ஃபிடிலை வாங்கிப் பெட்டியில் வைக்கும்முன், தந்திகளுக்கு அடியில் படிந்திருந்த, வில்லில் தடவும் ரோசின் பொடியைத் தன் சட்டை முனையால் துடைத்தார்.

இங்கே வந்த பிள்ளைகளில் பலர் 'ஜாம்' என்ற திட்டத்தில் கற்றவர்கள். வட கரோலினாவில் ஸ்பார்ட்டா ஊர்ப் பள்ளியில் ஆலோசகராக இருந்த ஹெலன் வைட் 2000இல் ஆரம்பித்தது. பள்ளி முடிந்ததும் அங்கேயே மலை வாத்தியங்களைச் சொல்லித்தருவார்கள். பெரும்பாலும் காதால் கேட்டுத்தான். வாத்தியம் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கையில் ஒன்று கிடைக்கும்.

நாள் 5, செவ்வாய்: கேலக்ஸ், வண்டிகளுக்கு நடுவே

மேடையை இன்று நாங்கள் பார்க்கவே இல்லை. மைதானம் முழுக்கக் கூடார வண்டிகள், தார்ப்பாய்ப் பந்தல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வட்டம். வருஷா வருஷம் அதே இடத்தில் வண்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு அறுவைசிகிச்சை ஆனது, யார் இந்த வருஷம் வரவில்லை, யார் இனி வரமாட்டார் என்ற செய்தி எல்லாம் டியூனுக்கும் டியூனுக்கும் நடுவில்தான் பரிமாறப்படுகிறது. புளூகிராஸ் சங்கத்தின் வருடாந்திர விழா 2013 முதல் வட கரோலினாவின் ராலேயில் நடந்தது, 2025இல் டென்னஸியில் சட்டனூகாவுக்குப் போய்விட்டது. வட கரோலினாக்காரர்களுக்கு அதில் வருத்தம். ராலேயில் பல தடவை கேட்டவள் என்ற முறையில் எனக்கும்தான்.

இரண்டு வகை வட்டத்துக்கும் வித்தியாசம் இங்கே நன்றாகப் புரிந்தது. புளூகிராஸ் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் முறை வரும். ஒருவர் முன்னால் சாய்ந்து தன் சுற்றை வாசிப்பார், மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள். பழைய பாணி வட்டத்தில் முறையே இல்லை. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள், பத்து தடவை, இருபது தடவை. தொடங்கியவர் பாதத்தைத் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம்.

மகள் ஒரு வழியாக வயலினை எடுத்தாள். ஒரு பந்தலின் வெளி ஓரத்தில் நின்று சுருதி சேர்க்கும்போது மேல் தந்தி அறுந்துவிட்டது. மாற்றுத் தந்தி நான் கொண்டுவரவில்லை. அவள் முகம் வாடிப்போனது. வட்டத்துக்குள் இருந்து ஒரு வயதான அம்மா, "இங்கே வா கண்ணு" என்கிற தொனியில் கைகாட்டி அழைத்தார். தன் பெட்டியில் இருந்து புதுத் தந்தி ஒன்றை எடுத்து, பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் பள்ளத்தில் அந்தப் பென்சில் கரியைக் கொஞ்சம் தடவி, தந்தியை அதன் மேல் பதித்தார். பிருடையைத் திருகத் திருகக் குதிரை முன்னால் சாயாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். காசு கொடுக்கப் போனேன். காதில் வாங்கவே இல்லை.

பக்கத்தில் இருந்தவர் தன் ஃபிடிலை எடுத்து மகளின் காதருகே குலுக்கினார். உள்ளே ஏதோ சலசலத்தது. எஃப் வடிவ ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். கிலுகிலுப்பைப் பாம்பின் வால் கிலுக்கு. ஃபிடிலுக்குள் அதைப் போட்டு வைப்பது இங்கே பழைய வழக்கம். ஓசை நன்றாக இருக்கும் என்பார்கள், ஈரம் சேராது என்பார்கள்.

அப்புறம் அவளுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். முதல் ஐந்தாறு சுற்று அவள் வாசிக்கவில்லை, விரலை மட்டும் தந்திமேல் நகர்த்திப் பார்த்தாள். ஏழாவது சுற்றில் பாதி ஸ்வரங்கள் விழுந்தன. பன்னிரண்டாவதில் எனக்கு அவளுடைய ஓசையைப் பிரித்துக் கேட்க முடியவில்லை, அதற்குள் கலந்துவிட்டிருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, அந்த அம்மா வலது பாதத்தைத் தூக்கினார். எல்லா வில்லும் ஒரே இடத்தில் நின்றது. மகளுடையதும் நின்றது.

காருக்கு வரும் வழியில்தான், அந்த டியூனின் பெயர் என்ன என்று கேட்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினாள். அந்த அம்மா ஒரு பெயர் சொன்னார். பாஞ்சோக்காரர் இல்லை என்று வேறு பெயர் சொன்னார். பாம்புக் கிலுக்கு வைத்திருந்தவர் தன் ஊரில் அதற்கு இன்னொரு பெயர் என்றார். மூன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.